சொல்லி அனுப்பிய திங்கட்கிழமைகள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது நான் கால் ஆட்டுவதில் பெஞ்சு முழுக்க ஆடும். அதற்காக அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பிய வருஷம் அந்த ஆட்டம் காலிலிருந்து உடம்பு முழுக்க ஏறிவிட்டது. காலையில் மலை மேல் மணி அடித்ததும் எழுந்துகொள்வேன். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துவிட்டுத் திரும்பி வருவேன். வருகிற வழியில் பார்க்கிற ஆளெல்லாம் என்னம்மா வரன் வந்திருக்கா என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே நின்றது.

என் நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எனக்கும் அங்கே நாலாம் வகுப்பில் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ பட்டணத்துக்குப் போய் ஆராய்ச்சி படிக்க வேண்டும். எதில் ஆராய்ச்சி என்று நைனா கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் செடி கொடி என்பேன், மறு வாரம் ஜனங்களின் வரவு செலவு என்பேன். பெரிய காலேஜில் இருக்கிற யாராவது ஒருவர் இந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் கொடுத்தால் அனுப்புகிறேன், ஈஸ்டர் கழிந்தும் கடிதம் வரவில்லையென்றால் சாக்பீஸைக் கையில் எடு என்று நைனா சொல்லிவிட்டார். கெடு வைத்தது அவர். தூக்கம் போனது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். உலக யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் எப்போது போவான் என்று பேப்பரில் அடித்துக்கொண்டிருந்த காலம். பட்டணத்துக் காலேஜ் ஒன்று நம் பக்கத்துக் கிராமங்களை ஒரே நேரத்தில் பல விதமாக ஆராய்வதென்று முடிவு பண்ணி, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தது. ஒருவர் டாக்டர், கொசுவை ஆராய்கிறவர். இன்னொருவர் பொருளாதாரம், நெசவாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதுகிறவர். மூன்றாவது ஒரு அம்மாள். யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்றெல்லாம் விசாரித்து, வட்டமும் முக்கோணமும் போட்டுக் கோடு இழுப்பார். நான் மனசுக்குள் அவர்களுக்குக் கொசுக்காரர், சோற்றுக்காரர், உறவுக்காரம்மா என்று பேர் வைத்தேன்.

மூன்று பேரும் சாப்பிடுவது ஒரே மேஜையில். ஆனால் ஒருவர் நோட்டை இன்னொருவர் திறந்து பார்த்ததில்லை. கொசுக்காரருக்குச் சோற்றுக்காரர் செய்வது மளிகைக் கடை வேலை. சோற்றுக்காரருக்கு உறவுக்காரம்மா செய்வது ஊர் வம்பு. அந்த அம்மாவோ, கொசுவுக்கு வாய் இருந்தால் டாக்டரைத் திட்டும் என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு மூன்றுமே பிடித்திருந்தது. அதுதான் தொந்தரவு. எந்த நோட்டைக் கையில் எடுத்தாலும் இதுதான் நம் வேலை என்று தோன்றும், மறுநாள் அடுத்த நோட்டு இழுக்கும்.

வீடுகளுக்குள் போய்ப் பெண்களிடம் பேச அவர்களுக்கு ஒரு உள்ளூர்ப் பெண் தேவைப்பட்டாள். தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆள் நான். சேர்ந்துகொண்டேன். ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளர் தெரு எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. திங்கட்கிழமை கொசு, புதன்கிழமை சாப்பாடு, வெள்ளிக்கிழமை உறவு. அவர்கள் யுத்தத்தில் ஓடிய பழைய ஜீப்பில் வருவார்கள். நான், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடுகிற பஸ்ஸில் முன்னாலோ பின்னாலோ போய்ச் சேருவேன். மேடு வந்தால் அந்த பஸ்ஸை விட நான் வேகமாக நடப்பேன். கண்டக்டரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தத் தெருவில் ஒரு அக்கா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. புருஷன் தறியில் உட்காருவார். அக்காவும் பத்து வயது மகளும் ராட்டையில் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றுவார்கள். தறி என்றால் குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் கால் விட்டு மிதித்து நெய்கிற தறி. நூல் அறுந்து போகாமல் இருக்கக் குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்பார்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி. டாக்டருக்கு முதல் நாள் அந்தக் குழிகளைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. கொசு பகலில் ஒளிய இதை விட நல்ல இடம் கிடையாது என்றார்.

ஆனால் கொசு இல்லை. டார்ச் விளக்கும் உறிஞ்சு குழாயுமாகக் குழிக்குள் இறங்கித் தேடுவார். ஒன்றோ இரண்டோ அகப்படும், பல வீடுகளில் அதுவும் இல்லை. வாரா வாரம் இதே கதை. வீடுகள் சுத்தமாக, தரை மெழுகி, பளிச்சென்று இருக்கும். அக்காவின் மகளுக்கு மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் காய்ச்சல். தெருவில் இன்னும் பல குழந்தைகளுக்கும் அப்படித்தான். காய்ச்சல் இருக்கிறது, கொசு இல்லை. டாக்டர் இதை விடாமல் யோசித்தார். கடைசியில் ஒரு நாள் பங்களா மேஜையைத் தட்டினார். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியின் வாடைதான் கொசுவை விரட்டுகிறது, குழந்தைகள் ஏரிக்கரைப் பக்கம் விளையாடப் போய்க் காய்ச்சலை வாங்கி வருகிறார்கள் என்றார். உலகத்தில் யாரும் இதை எழுதவில்லை என்றார். அன்றைக்கு அவர் இரண்டு தரம் பாயசம் போட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டுரையை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எழுதி முடித்த சாயங்காலம், உனக்குக் கடிதம் தருகிறேன், என்னிடமே வந்து சேர்ந்துகொள் என்றார். வீட்டுக்கு நடந்து போனேனா ஓடினேனா என்று நினைவில்லை. நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, கொசுவா என்று மட்டும் கேட்டார். கொசுதான் நைனா என்றேன். ஒரு வழியாக எனக்கு ஒரு பதில் கிடைத்திருந்தது.

கொசு இருக்கிற தெருக்களுக்குச் சர்க்காரிலிருந்து ஆள் வந்து சுவருக்கு வெள்ளை மருந்து அடிப்பார்கள், காய்ச்சல் நின்றுவிடும் என்ற பேச்சு அப்போது புதிதாக வந்திருந்தது. எந்தெந்தத் தெருவுக்கு அடிக்க வேண்டும் என்ற பட்டியலையும் டாக்டர்தான் கொடுக்க வேண்டும். அதையும் நான்தான் நகல் எடுத்தேன். அக்காவின் தெருவுக்கு நேராகத் தேவையில்லை என்று எழுதியது என் கைதான். வியாழக்கிழமை மதியத் தபாலில் அது போக வேண்டும்.

அந்த வாரத் திங்கட்கிழமை ஜீப் டயர் வழியில் வெடித்துவிட்டது. கரி பஸ் அதிசயமாக நேரத்துக்குப் போனது. அதனால் நான் தெருவுக்குள் நுழையும்போது அவர்கள் யாரும் வரவில்லை. தெரு முழுக்கப் புகை. எங்கேயோ தீப்பிடித்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வீடு வாசல் வழியாகவும் கூரை வழியாகவும் புகை வந்துகொண்டிருந்தது. அக்கா வீட்டுக்குள் ஓடினேன். அவர் தறிக்குழிக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு, நெருப்புச் சட்டியில் வேப்பிலையை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணும் மூக்கும் ஒழுகின. கையில் முறத்தை வைத்து ஒவ்வொரு மூலையாக விசிறினார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார், சீக்கிரம் வந்துட்டியே என்றார்.

என்ன அக்கா இது என்று கேட்டேன்.

"ஏம்மா, நீ தானே சொல்லி அனுப்புன? பட்டணத்துலேர்ந்து வர்றவங்கள எங்க வூட்டுக் கொசு கடிச்சா எங்களுக்கு அசிங்கம் இல்லியா? கொசு இருக்குற வூடுன்னு எழுதிக்கினு போயிட்டாங்கன்னா நாளைக்கு எம் பொண்ண யாரு கேட்டு வருவாங்க?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் கண்டக்டரிடம் நான்தான் சொல்லி அனுப்புவேன். திங்கட்கிழமை கொசு பார்க்க, புதன்கிழமை சாப்பாடு எழுத வருகிறோம் என்று தெருவில் சொல்லிவிடுங்கள் என்றால், ஆங் சொல்லிடறேன் என்பார். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண்ணின் வீட்டுக்குள் திடுதிப்பென்று நுழைவது மரியாதை இல்லை என்று நானாகச் செய்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாதிரியார் வருகிறார் என்று முதல் நாளே ஆள் வரும். அம்மா பீங்கான் கோப்பையை எடுத்துக் கழுவி வைப்பாள், நைனா வேஷ்டி மாற்றுவார், நான் காலை ஆட்டாமல் உட்காருவேன். பாதிரியார் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டுப் போவார். இது தெரிந்த எனக்கு, அந்தத் தெருவில் மட்டும் இது உறைக்கவில்லை. அவ்வளவு மக்கு நான்.

ஜீப் வந்தது. டாக்டர் குழிக்குள் இறங்கினார், ஒன்றும் இல்லை என்று சந்தோஷமாக ஏறி வந்தார். புகை வாடையைப் பற்றிக் கேட்டார். அடுப்புப் புகை என்று அக்கா சொல்ல, அதை நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அந்த ஒரு பொய்யை நான் தெரிந்தே சொன்னேன். கடிதம் இன்னும் டைப் அடிக்கப்படவில்லை.

திங்கள் ராத்திரியும் செவ்வாய் முழுக்கவும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரவணப் பொய்கையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மலைப்படியில் பாதி ஏறி இறங்கினேன். படியில் காவடி தூக்கிக்கொண்டு வந்த உள்ளூர்க்காரர்கள், கிறிஸ்தவப் பெண் வேண்டுதல் மாதிரி ஏறி இறங்குகிறதே என்று பார்த்தார்கள். மருந்து அடிக்காவிட்டால் என்ன, இத்தனை நாள் காய்ச்சலோடு இருக்கிறவர்கள்தானே என்று ஒரு தரம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை சாப்பாட்டு நாள். சோற்றுக்காரர் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் எட்டிப் பார்த்து எழுதுவார். அக்கா வீட்டில் அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். அரிசி ரேஷனில் அல்லாடுகிற காலத்தில் எல்லாப் புதன்கிழமையும் அரிசிச் சோறு. நெசவாளிகள் நாம் நினைத்ததை விட நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று அவர் எழுதிக்கொண்டார். மூலையில் கோணிக்கு அடியில் அக்காவின் பெண் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது. அதன் கண் சோற்றுப் பானை மேல் இருந்தது. அவர் வெளியே போனதும், நேத்து என்ன சாப்பிட்ட என்று கேட்டேன். கூழு என்றது. முந்தா நாள்? கூழு. அக்கா என்னை முறைத்தார். எங்களுக்குக் காட்ட எங்கேயோ கடன் வாங்கிய அரிசி அது என்று எனக்கு அப்போது புரிந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் பங்களாவில் மூன்று பேரும் மேஜையில் இருந்தார்கள். டாக்டர் டைப் அடித்த கடிதத்தில் கையெழுத்துப் போட மையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புகையை, அரிசியை, கண்டக்டரை.

"எவ்வளவு நாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆரம்பத்துலேர்ந்தே சார். நான்தான் சொல்லி அனுப்பினேன்."

உறவுக்காரம்மா தன் நோட்டை மெதுவாக மூடினார். அப்போ அந்தத் தெருவுல சண்டையே கிடையாதுன்னு சொன்னாங்களே என்று கேட்டார். அதுவும் நமக்காகப் பெருக்கி வைத்ததாகத்தான் இருக்கும் அம்மா என்றேன். அவர் சிரித்துவிட்டார். சோற்றுக்காரர் சிரிக்கவில்லை. சம்பந்தி வந்தால் தன் வீட்டிலும் அன்றைக்குத்தான் நெய் வாங்குவார்கள், அதை வைத்துக்கொண்டு ஒருவன் தன் வீட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினால் எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், வேலை முடிந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"காலையில அஞ்சு மணிக்கு வண்டி. யாருக்கும் சொல்லக் கூடாது. முக்கியமா நீ சொல்லக் கூடாது."

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் நாங்கள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தோம். வாசல் தெளிக்கவில்லை. அக்கா வீட்டுக் கதவை நான்தான் தட்டினேன். என் குரலைக் கேட்டுத்தான் அவர் திறந்தார். தலை அவிழ்ந்து கிடந்தது. சேலை முந்தானையில் கிழிசல். உள்ளே ராத்திரிப் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன, கூழ்ப் பானையில் ஈ மொய்த்தது. மகள் காய்ச்சலில் படுக்கையை நனைத்திருந்தாள். அந்த வாடை அறை முழுக்க இருந்தது. அக்கா எதை மறைப்பதென்று தெரியாமல் முதலில் பானையின் முன்னால் நின்றார், பிறகு மகளின் முன்னால் நின்றார்.

டாக்டர் டார்ச்சோடு குழிக்குள் இறங்கினார். குழிச்சுவர் முழுக்கக் கொசு அப்பியிருந்தது. பாவு நூலுக்கு அடியில், மிதிபலகைக்குப் பின்னால், எங்கே வெளிச்சம் பட்டாலும் கொசு. அவர் குழாய் குழாயாக உறிஞ்சி நிரப்பி என்னிடம் நீட்டினார், நான் பஞ்சு வைத்து அடைத்தேன். ஒரு கட்டத்தில் கண்ணாடிக் குழாய்களே தீர்ந்துவிட்டன. அவர் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. மும்முரம் மட்டும்தான் இருந்தது. தன் கட்டுரை செத்துப்போன இடத்தில் நின்றுகொண்டு அந்த மனுஷர் இவ்வளவு உற்சாகமாகக் கொசு பிடித்தது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சத்தம் போடவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காதபடிதான் சொன்னார்.

"உன்ன நம்பித்தானே கதவு தெறந்தேன். எங்க வூட்ட இந்தக் கோலத்துல காட்டத்தான் கூட்டிக்கினு வந்தியா?"

தெருவுக்கு மருந்து வரும் அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல் நின்றுவிடும் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பட்டியல் திருத்தப்பட்டு மதியத் தபாலில் போனது. தேவையில்லை என்று எழுதிய கையாலேயே அதை அடித்துத் தேவை என்று எழுதினேன். கடிதத்தைப் பற்றி டாக்டர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. அவர்கள் பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். போகும்போது உறவுக்காரம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். ஜூன் மாதம் நான் நாலாம் வகுப்புக் கரும்பலகை முன்னால் நின்றேன். நைனா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு வழியில் பட்டணம் போனேன், ஆராய்ச்சியும் செய்தேன். எதில் என்பது இப்போது முக்கியமில்லை. பிற்பாடு என்னிடம் ஆராய்ச்சி படிக்க வந்த பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் அறிக்கை எதைப் பற்றியதாக இருந்தாலும், அன்றைக்கு நீங்கள் வருவது அவர்களுக்குத் தெரியுமா என்று ஓரத்தில் எழுதிவிடுவேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி புரியாது.

பட்டணம் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் அந்தத் தெருவுக்குப் போனேன். மருந்து அடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. கண்டக்டர் கேட்டதற்கும் சும்மா போகிறேன் என்றேன். மதிய நேரம். அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அந்தப் பெண் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை போட்டு, ஒரு சாண் உயர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அக்கா எழுந்து வாசலுக்கு வந்தார். வாசலில் கோலம் அழியாமல் இருந்தது. அவருக்குப் பின்னால் தரை அன்று காலையில் மெழுகியது, ஒரு தூசி இல்லை. தலையை அழுத்தி வாரி, பூ வைத்திருந்தார்.

நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு, "வூடு இன்னும் பெருக்கலம்மா. சொல்லி அனுப்பிட்டு வா" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். சரி அக்கா என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஆர்.கே.பேட்டை வரை வெயிலில் நடந்தே வந்தேன். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் கண்டக்டரைப் பல தரம் பார்த்தேன். அவரும், அம்மையார்குப்பத்துக்கு ஏதாவது சொல்லணுமா என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்பேன். சொல்லி அனுப்ப எனக்குத் தைரியம் வரவே இல்லை.